விற்க ஹோட்டல் இல்லாதவர்கள்

மே மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், கெல்பரோ கால்பந்து மைதானத்தின் இரும்புக் கதவுக்கு வெளியே நின்று தொண்டை வறளக் கத்தியபோது, தன் மகனை ஊரைவிட்டு அனுப்பத்தான் கத்துகிறோம் என்று க்ளைவ் ஹாஸ்வெலுக்குத் தெரியாது.

அன்று ஊரே அங்கேதான் இருந்தது. டுவார்ட்டேயை விற்கப் போகிறார்கள் என்று காலையில் ரேடியோவில் சொல்லிவிட்டார்கள். முந்தைய கோடையில் பெரிய விலை கொடுத்து வாங்கிய போர்த்துகீசியன் அவன். வந்த முதல் சீசனிலேயே கெல்பரோவைக் கீழ் டிவிஷனுக்குச் சரியாமல் இழுத்துப் பிடித்து நிறுத்தியவன். யாரோ தங்கள் வீட்டுப் படுக்கை விரிப்பையே கொண்டுவந்து, 'டுவார்ட்டேயைத் தொட்டால் தெரியும்' என்று சிவப்புப் பெயின்ட்டில் எழுதிப் பிடித்திருந்தார்கள். க்ளைவ் பஸ் டிரைவர். ஷிப்ட் முடிந்து சீருடையோடு வந்திருந்தார். மைதானத்துக்குள் ரசிகர்கள் நிற்கும் வடக்கு ஸ்டாண்டில் நாற்பது வருஷம் நின்று பாடிப் பழகிய குரல் என்பதால் எல்லோரும் அவரையே முன்னால் தள்ளிவிட்டார்கள். அவர் கத்தினார், கூட்டம் திருப்பிக் கத்தியது. கடைசியில் க்ளப் நிர்வாகி ஒருவர் மாடிக்கு வந்து, "டுவார்ட்டே எங்கும் போகமாட்டார்" என்று கைகூப்பாத குறையாகச் சொன்னார். முன்பின் தெரியாத நான்கு பேரைக் கட்டிப்பிடித்துவிட்டு, பாடிக்கொண்டே வீட்டுக்கு வந்தார் க்ளைவ்.

மூன்று வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை, சாயங்காலச் சாப்பாட்டில், அவருடைய மகன் ரோரி உருளைக்கிழங்கு வறுவலைத் தட்டில் தள்ளித் தள்ளி விளையாடிக்கொண்டிருந்தான். எட்டு வயதில் க்ளப்பின் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தவன்; இப்போது இருபது. இந்த வருஷம்தான் நடுக்களத்தில் நிரந்தர இடம் கிடைத்திருந்தது.

"அப்பா, வெஸ்ட்காட்லேருந்து கேட்டிருக்காங்க."

"யாரை?"

"என்னைத்தான்."

க்ளைவ் சிரித்துவிட்டார். லண்டனில் வெஸ்ட்காட் க்ளப் இருக்கும் இருப்புக்கு, ஒரு தேசத்து அணியையே மொத்தமாக வாங்கிப் போடலாம். "அவங்ககிட்ட இல்லாத ஆளாடா? உன்ன வச்சு என்ன பண்ணுவாங்க, புல்லு வெட்டச் சொல்லுவாங்களா?"

"ரொம்ப சந்தோஷம்ப்பா."

"வாயைக் கொஞ்சம் மூடு க்ளைவ்," என்றாள் அவர் மனைவி மோய்ரா. "அவன் விளையாட்டுக்குச் சொல்லல. மூஞ்சியப் பாரு."

க்ளைவ் மகனின் முகத்தைப் பார்த்தார். பிறகு முள்கரண்டியைக் கீழே வைத்தார்.

ரோரி சொன்னது இதுதான். மூன்று வருஷத்தில் ஒரு க்ளப் இவ்வளவுக்கு மேல் நஷ்டப்படக் கூடாது என்று விதி இருக்கிறது. கெல்பரோ அந்தக் கோட்டைத் தாண்டி நிற்கிறது. ஜூன் முப்பதுக்குள் கணக்கு நேராகாவிட்டால் அடுத்த சீசனில் புள்ளிகளைப் பிடுங்கிக்கொள்வார்கள். டுவார்ட்டேயை விற்றிருந்தால் சரியாகியிருக்கும்.

"ஆனா அவனத்தான் விக்க விடலையே," என்றான் ரோரி, தட்டைப் பார்த்துக்கொண்டு.

க்ளைவுக்குக் காது சூடாகியது.

"விலைக்கு வாங்குன ஆள வித்தா, வாங்குன காசு போக மிச்சம்தான் லாபம். என்ன மாதிரி உள்ளூர்ல வளந்தவன வித்தா மொத்தமும் லாபம். என்ன வாங்க யாருக்கும் எதுவும் குடுக்கலல்ல? அதான்."

"வளத்தது கணக்குல வராதா?" என்று கேட்டாள் மோய்ரா. "எட்டு வயசுலேருந்து நான் துவைச்ச காலுறை?"

"வெஸ்ட்காட்டுக்கும் அதே இக்கட்டுதாம்மா. அவங்களும் சொந்தமா வளத்த பையன் ஒருத்தன நமக்கு விக்கறாங்க. யாவ்னு பேரு, பத்தொன்பது வயசு. கிட்டத்தட்ட அதே விலை. ரெண்டு க்ளப்பும் வித்த காசை இந்த வருஷமே வரவு வச்சுக்கும். வாங்குன செலவ அஞ்சு வருஷத்துக்குப் பிரிச்சு எழுதிக்கும்."

"அப்ப பணம் அங்க போயி திரும்ப இங்க வருது."

"ஆமா. நாங்க ரெண்டு பேரும்தான் உண்மையா இடம் மாறுறோம்."

"நீ கையெழுத்து போடலன்னா?" என்றார் க்ளைவ்.

"போடலன்னா ஒண்ணும் பண்ண முடியாது. ஞாயித்துக்கிழமை ராத்திரிக்குள்ள சொல்லணும்."

மறுநாள் மதியம் பஸ் டிப்போவுக்கு எதிரே இருக்கும் மதுக்கடையில் வின்ஸ் காத்திருந்தார். குழாய் வேலைக்காரர், பள்ளியிலிருந்து க்ளைவின் சிநேகிதர், அந்த விதியைப் பற்றி வருஷக்கணக்காக அவரோடு சண்டை போட்டு வருபவர். இந்த ஊரில் எந்தச் செய்தியும் பஸ்ஸுக்கு முந்திப் போய்விடும்.

"வாங்க வாங்க, கடிவாளம் போடுற சாமி," என்றார் வின்ஸ். "பணக்கார க்ளப்புக்குக் கடிவாளம் வேணும் வேணும்னு மேசையத் தட்டுவீங்களே. இப்ப கடிவாளம் யார் வாயில இருக்கு?"

"விதி தப்பில்ல வின்ஸ்."

"உன் பிள்ளையவே கொண்டு போறான், இன்னும் விதி தப்பில்லையா!"

"ஹார்ல்பிய மறந்துட்டியா?"

ஹார்ல்பி டவுன் பக்கத்து ஊர் க்ளப். ஒரு முதலாளி வந்து வாரி இறைத்தார், கடன் வாங்கி இறைத்தார், பிறகு ஒரு நாள் போனை எடுக்கவில்லை. அந்த மைதானம் இருந்த இடத்தில் இப்போது சோபா விற்கிறார்கள். மோய்ராவின் அண்ணன் அந்தக் கடைப் பக்கம் போவதே இல்லை. சுற்றுவழியில்தான் கார் ஓட்டுவார்.

"அந்த மாதிரி ஆகக்கூடாதுன்னுதான விதி போட்டாங்க," என்றார் க்ளைவ். குரலில் பழைய வேகம் இல்லை.

"சரிப்பா. ஒண்ணு கேக்கறேன். வெஸ்ட்காட்காரன் போன வருஷமும் இதே கோட்டத் தாண்டினான். என்ன பண்ணான்? மைதானத்துக்குப் பக்கத்துல இருக்கற தன்னோட ரெண்டு ஹோட்டல தன்னோட இன்னொரு கம்பெனிக்கு வித்தான். வலது பாக்கெட்லேருந்து எடது பாக்கெட்டுக்கு. லாபம்னு எழுதினான். ரெஃபரி விசில் ஊதலயே. விதி தப்பா ரைட்டான்னு எனக்குத் தெரியாது. யார் மேல உக்காருதுன்னுதான் பாக்கறேன்." வின்ஸ் ஒரு மிடறு குடித்துவிட்டுத் தணிந்த குரலில் கேட்டார்: "பையன் என்ன சொல்றான்?"

"ஒண்ணும் சொல்லல. அதான் பயமா இருக்கு."

பயம்தான். க்ளைவுக்குத் தேவையானது மிகச் சின்ன விஷயம் ஒன்றுதான்: ரோரி வேண்டாம் என்று சொல்ல வேண்டும். ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் சனிக்கிழமைகளில் வடக்கு ஸ்டாண்டில் நின்று, மகன் தன் ஊர்ச் சட்டையில் ஓடி வருவதைப் பார்க்க வேண்டும். ஆட்டம் முடிந்து வீட்டில் அவனோடு ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். அவ்வளவுதான். ஆனால் அதைக் கேட்க வாய் வரவில்லை. டுவார்ட்டேக்காகக் கத்திய வாய் அது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மோய்ரா மேசைக்கு நல்ல விரிப்பு போட்டுக்கொண்டிருந்தாள்.

"யார் வர்றாங்க?"

"அந்தப் பையன். அவங்க அம்மாவும். க்ளப்புலேருந்து ஜூடித் போன் பண்ணா, ஊரைப் பாக்க வந்திருக்காங்களாம். தங்கறதுக்கு வீடு பாக்கணுமே."

பதினைந்து வருஷமாக அந்த வீட்டின் மாடி அறையில் யாராவது ஒரு வெளியூர்ப் பையன் இருந்தான். க்ளப்பில் சேரும் சின்னப் பசங்களை இப்படிக் குடும்பங்களில் தங்க வைப்பார்கள். அயர்லாந்திலிருந்து வந்தவன், டென்மார்க்கிலிருந்து வந்தவன், இரவெல்லாம் அழுத வேல்ஸ்காரன். எல்லோருக்கும் மோய்ரா சோறு போட்டிருக்கிறாள். பள்ளிச் சமையலறையில் முந்நூறு பிள்ளைகளுக்குச் சமைத்துவிட்டு வந்து.

"ரோரிக்குப் பதிலா வர்றவன ரோரி வீட்டுலயேவா?" என்றார் க்ளைவ்.

"யாருக்கும் பதிலா யாரும் வரல. ரயில்ல நாலு மணி நேரம் பசியோட வர்றான். ஸ்பூன எடுத்து வை."

முகத்தை இறுக்கமாக வைத்துக்கொள்வது என்று க்ளைவ் முடிவு செய்திருந்தார். கதவைத் திறந்தபோது, நீண்ட கால்களுடைய ஒரு பையன் காலணியைக் கழற்றலாமா வேண்டாமா என்று தெரியாமல் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தான். பின்னால் அவனுடைய அம்மா, சர்ச்சுக்குப் போகும் மஞ்சள் உடையில், கையில் துணி சுற்றிய கண்ணாடிப் புட்டியோடு.

"நான் அபெனா," என்றாள். "ஆஸ்பத்திரியில நர்ஸ். இவன் யாவ். டேய், ரெண்டு காலையும் ஊனு, நாரை மாதிரி நிக்காத."

க்ளைவின் முகத்தின் இறுக்கம் அப்போதே கொஞ்சம் குலைந்துவிட்டது.

சாப்பாட்டில் முதலில் எல்லோரும் மழையைப் பற்றிப் பேசினார்கள். யாவ் ஒவ்வொரு கவளத்துக்கும் "நல்லா இருக்கு ஆன்ட்டி" என்றான். அபெனா புட்டியைத் திறந்து மேசை நடுவில் வைத்தாள். கறுப்பாக எண்ணெய் மிதக்கும் மிளகாய்க் குழம்பு. கானாவில் அவளுடைய ஊர்க்காரர்கள் எதற்கும் தொட்டுக்கொள்வது. க்ளைவ் மரியாதைக்காக ஒரு கரண்டி எடுத்தார்.

"பிரதர், அவ்வளவு வேண்டாம்," என்றாள் அபெனா.

"பரவாயில்ல, நாங்க மூக்கு எரியற கடுகு விழுதே சாப்பிடுவோம்."

ஒரு நிமிஷத்தில் க்ளைவின் கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் கொட்டியது. யாவ் சிரிப்பை அடக்க முடியாமல் மேசைக்குக் கீழே குனிந்துகொண்டான். "சொன்னேன்ல," என்று தண்ணீரைத் தள்ளினாள் அபெனா. அதற்குப் பிறகு மழையைப் பற்றி யாரும் பேசவில்லை.

"உண்மையச் சொல்றேன் சிஸ்டர்," என்றாள் அவள் மோய்ராவிடம். "காலையில உங்க பையனுக்காகத்தான் ஜெபம் பண்ணேன். அவன் மாட்டேன்னு சொல்லிடணும்னு."

"ஏன்?"

"அவன் மாட்டேன்னா இவனும் போக வேண்டாமே. ஒருத்தன் நின்னா ரெண்டு பேரும் நின்ன மாதிரி. எங்க ஃப்ளாட் ஜன்னல்லேருந்து பாத்தா வெஸ்ட்காட் மைதானத்து விளக்கு தெரியும். ஏழு வயசுலேருந்து இவன் அந்த விளக்கப் பாத்துட்டுத்தான் தூங்குவான்."

"அம்மா," என்றான் யாவ்.

"என்ன அம்மா? பொய்யா?"

க்ளைவ் தண்ணீர்க் குவளையோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். தான் மூன்று நாளாக வேண்டிக்கொண்டிருந்த அதே விஷயத்தை, நாட்டின் மறுகோடியில், ஒரு பெண் மஞ்சள் உடையில் முழங்காலிட்டு வேண்டியிருக்கிறாள். பணக்கார க்ளப் என்று அவர் திட்டும்போதெல்லாம் அதில் இப்படி ஒரு வீடு இருக்கும் என்று நினைத்ததில்லை.

"என்ன சாப்பிடுவான்?" என்று மோய்ரா கேட்டாள்.

"சோறு. எத்தன உருளைக்கிழங்கு போட்டாலும் கடைசியில கொஞ்சம் சோறு வேணும். உங்க பையன்?"

பதில் சொன்னது க்ளைவ். "தோத்துட்டு வந்தா பேச்சுக் குடுக்கக் கூடாது. அவனா டீ கேப்பான். கேட்டப்புறம் பேசலாம்."

அபெனா தலையாட்டினாள், மருந்து அளவைக் காதில் வாங்கிக்கொள்கிறவளைப் போல. "இவன் நேர் எதிர். பேசலன்னா உள்ளுக்குள்ளயே கெட்டுப் போயிடுவான். ஏதாவது கேளுங்க. கோவிச்சாலும் கேளுங்க."

"நான் பக்கத்துலதான் உக்காந்திருக்கேன்," என்றான் யாவ்.

அவர்களை ரயிலேற்றிவிட்டு வரும்போது மணி ஆறு. ஜூன் மாதத்து வெயில் கடல்மேல் இன்னும் முழுசாக இருந்தது. ரோரி துறைமுகத்து அலைத்தடுப்புச் சுவரின்மேல் உட்கார்ந்திருந்தான். அன்று காலையிலிருந்தே அவன் வீட்டில் இல்லை. க்ளைவ் ஏறி அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். மீன் பிடிக்கும் ஆட்கள் ரோரியைப் பார்த்துக் கையசைத்துவிட்டு, நாகரிகமாகத் திரும்பிக்கொண்டார்கள்.

"எப்படி இருக்கான்?"

"நல்ல பையன். கால் ரொம்ப நீளம். உன் கட்டில் பத்தாது."

ரோரி சிரித்தான். பிறகு சொன்னான்: "நான் மாட்டேன்னு சொன்னா வெஸ்ட்காட்டுக்கு ஒண்ணும் ஆகாதுப்பா. இன்னொரு கட்டடத்தத் தனக்கே வித்துக்குவாங்க. நம்மள்ட்ட ஹோட்டல் இல்ல. நான்தான் இருக்கேன். புள்ளி போச்சுன்னா கீழ எறங்கிடுவோம். எறங்கினா முதல்ல யாரத் தூக்குவாங்க? சமையல்காரங்க, புல்லு வெட்டுறவங்க, ஜூடித்."

க்ளைவ் கடலைப் பார்த்தார். "அன்னைக்கு கேட்டுல கத்தினேன்டா. நான்தான் முன்னாடி நின்னேன்."

"தெரியும்ப்பா. உடற்பயிற்சி அறை ஜன்னல்லேருந்து பாத்துட்டுத்தான் இருந்தோம். டுவார்ட்டே அழுதுட்டான். என்கிட்ட, அந்த பஸ் டிரைவர் யாருன்னு கேட்டான்."

"நீ என்ன சொன்ன?"

"யாரோ பைத்தியம்னு சொன்னேன்." ரோரி அப்பாவின் தோளில் இடித்தான். "நானா இருந்தாலும் அவனத்தான் வச்சிருப்பேன். என்ன வித்து அவன வச்சுக்கறதுதான் சரி."

"சரி இல்ல," என்றார் க்ளைவ். வேறொருவர் பேசுவதைப் போல அவருக்கே கேட்டது. "கேளு. நாப்பது வருஷமா இந்த க்ளப்புக்காக நான் எதையும் விட்டுக் குடுத்திருக்கேன். உங்கம்மா பிரசவத்தன்னைக்கு ரேடியோவ காதுல வச்சிட்டிருந்தவன். நான் சொல்றேன், க்ளப்புக்காகப் போகாத. புள்ளி போனா போகட்டும். எறங்கினா எறங்கட்டும். சமையல்காரங்களுக்கு வேலை குடுக்கறது உன் பொறுப்பு இல்ல, அவங்க முதலாளியோட பொறுப்பு. கணக்கத் தப்பாப் போட்டவன் அவன். நீ போறதுன்னா உனக்காகப் போ. இல்லன்னா இங்கயே இரு."

ஒரு படகு திரும்பி வந்து கட்டப்படுவதை ரோரி பார்த்துக்கொண்டிருந்தான். பேசியபோது முகத்தை மறுபக்கம் வைத்துக்கொண்டான்.

"எனக்கு அங்க ஆடிப் பாக்கணும்னு ஆசை இருக்குப்பா. முதல்ல கேட்டப்ப கோவம்தான் வந்துச்சு. அப்புறம் அன்னைக்கு ராத்திரி, அந்த மைதானத்துல நான் ஓடுற மாதிரி நெனச்சுப் பாத்தேன். நல்லா இருந்துச்சு. உன்கிட்ட சொல்ல வெக்கமா இருந்துச்சு. விதி, புள்ளி, ஹோட்டல்னு சொன்னா நீ ஒத்துக்குவேன்னு..."

க்ளைவுக்கு எங்கேயோ வலித்தது. அதே சமயம், மூன்று நாளாக நெஞ்சில் கிடந்த ஏதோ ஒன்று நகர்ந்தது. விற்கப்பட்ட பிள்ளை வேறு, போக விரும்பிய பிள்ளை வேறு. பின்னவனை ரயிலேற்றுவது அப்பாக்கள் செய்யக்கூடிய காரியம்.

"உண்மையாவா?"

"உண்மையா."

"அப்ப ஏன்டா என்ன மூணு நாள் கொன்ன? போய்த் தொலை," என்று சொல்லி, மீன் பிடிப்பவர்கள் பார்க்கட்டும் என்று அவனைக் கட்டிக்கொண்டார்.

ஜூன் முப்பது மாலை இரண்டு க்ளப்பும் அறிவித்தன. ஜூலை முதல் தேதியே வெஸ்ட்காட் ஸ்பெயினிலிருந்து கோல் அடிக்கும் ஸ்ட்ரைக்கர் ஒருவரை வாங்கியது. அந்த விலைக்கு ஹார்ல்பி டவுனை நான்கு முறை உயிரோடு எழுப்பியிருக்கலாம் என்றார் வின்ஸ். "கடிவாளமா அது? கழுத்துல போட்ட நகை!" க்ளைவ் வாதாடவில்லை. ஆனால் ஹார்ல்பி மைதானத்தில் விற்ற சோபாவில் உட்கார அவருக்கு இன்னும் மனம் வரவில்லை. விதியே வேண்டாம் என்றும் சொல்ல முடியவில்லை. "ஓட்டைய அடைக்கணும் வின்ஸ்," என்று மட்டும் சொன்னார். "அடைச்சா உன் வீட்டுல ஒருத்தன் சோறு கேட்டுட்டு இருக்கமாட்டானே," என்றார் வின்ஸ்.

யாவ் மாடி அறைக்கு வந்துவிட்டிருந்தான். க்ளைவ் கட்டிலின் கால்மாட்டுப் பலகையை அறுத்து எடுத்துக் கொடுத்தார். பயிற்சியிலிருந்து வந்ததும் அவனிடம் ஏதாவது கேட்டார். பதில் வராவிட்டாலும் கேட்டார். ஊரில் சிலர், கணக்குக்காக வந்தவன் என்பதால், பையனுக்கு 'ரசீது' என்று பட்டப்பெயர் வைத்திருப்பது தெரிந்ததும், தன் பஸ்ஸில் அந்த வார்த்தையைச் சொன்ன ஒருவரை அடுத்த நிறுத்தத்தில் மிகுந்த மரியாதையோடு இறக்கிவிட்டார். லண்டனில் ரோரிக்குச் சட்டை கிடைத்தது, இடம் கிடைக்கவில்லை, பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். ஞாயிறுகளில் அபெனாவின் ஃப்ளாட்டில் சாப்பிட்டான். போனில், "நான் டீ கேக்கறவரைக்கும் அவங்க வாயே தொறக்கறதில்லப்பா, பாவம், கஷ்டப்படறாங்க," என்றான்.

சீசனின் முதல் சனிக்கிழமை யாவை முதல் பதினோரு பேரில் இறக்கினார்கள். அபெனா லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். அவள் தனியாக உட்காரக் கூடாது என்று மோய்ரா சொல்லிவிட்டதால், வடக்கு ஸ்டாண்டை விட்டு, ஆட்டக்காரர்களின் குடும்பங்கள் உட்காரும் பகுதியில், மெத்தை வைத்த நாற்காலியில், க்ளைவ் இரண்டு பெண்களுக்கும் நடுவில் கூச்சத்தோடு உட்கார்ந்திருந்தார். அதே மூன்று மணிக்கு லண்டனில் வெஸ்ட்காட்டின் ஆட்டமும் தொடங்கியிருந்தது.

"உங்க பையன் இறங்கிட்டானா?" என்று அபெனா கேட்டுக்கொண்டே இருந்தாள். கண் என்னவோ தன் மகன் மேல்தான்.

"இன்னும் இல்ல."

யாவ் நன்றாகவே ஆடினான், ஆனால் பதற்றத்தோடு. இரண்டாம் பாதி பாதியைத் தாண்டியபோது மோய்ரா கைப்பேசியை க்ளைவின் மடியில் போட்டாள். அவர் படித்தார். மறுபடி படித்தார்.

"ரோரிய இறக்கிட்டாங்க," என்றார்.

அந்த நொடியில் யாவ் பந்தை எதிரியின் காலில் நேராகக் கொண்டுபோய்க் கொடுத்தான். மைதானம் முழுக்க ஒரு பெருமூச்சு எழுந்தது. குடும்பப் பகுதியில் எல்லோரும் தலையில் கை வைத்தார்கள். அபெனா மட்டும் துள்ளி எழுந்து, இரண்டு கையையும் தலைக்கு மேல் உயர்த்தித் தட்டினாள்.

முன் வரிசையில் டுவார்ட்டேயின் மனைவி திரும்பிப் பார்த்தாள். பின்வரிசைக்காரர் ஒருவர், "அம்மா, அது தப்புப் பாஸ்," என்றார்.

"தெரியும், தெரியும்," என்றாள் அபெனா, தட்டுவதை நிறுத்தாமல். "இது வேற பையனுக்கு."

க்ளைவ் எழுந்து அவள் பக்கத்தில் நின்றார். கீழே யாவ் தொலைத்த பந்தைத் துரத்திக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தான். "விடாத, யாவ்!" என்று க்ளைவ் கூவினார். "பின்னாடியே போ, நல்லாத்தான் ஆடுற!"